சொல் வாங்கும் நேரம்

மேடை விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே இது சரிவராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையை முழுக்க இருட்டாக்கி, பாடுகிறவனுக்குப் பின்னாலிருந்து நீல வெளிச்சம் மட்டும் வருமாறு யாரோ யோசித்து ஏற்பாடு செய்திருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் என் முகம் வெறும் கரிக்கட்டை. என் முகம் தெரியாவிட்டால் மாமா தொலைந்தார்.

"இந்த நீலம் வேணாம். மூஞ்சியில நேரா அடிக்கிற மாதிரி வெள்ளை லைட்டு போடச் சொல்லு" என்றேன் வயரிடம்.

எங்கள் கச்சேரிகளுக்கெல்லாம் மைக் செட் அவனுடையது. கழுத்தில் எப்போதும் வயர்ச் சுருள் தொங்குவதால் அவன் அம்மாவே அவனை வயர் என்றுதான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி.

"உன் மூஞ்சி மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையாடா?" என்றான். "சரி, லைட்டு மாத்துறேன். நீ மைக்கை வாய்கிட்டப் பிடி. நெஞ்சுல வெச்சுக்கிட்டு, ஏதோ டாக்டர் குழாய் வெச்சுப் பாக்குற மாதிரி. பின்வரிசைக்கு உன் பாட்டு போய்ச் சேர நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"அது என் ஸ்டைலு."

"ஸ்டைலாம்" என்று முனகிக்கொண்டே ஏணியைத் தேடிப் போனான்.

அது ஸ்டைல் இல்லை. மாமாவுக்குக் காது கேட்காது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர் டோலக், நான் பாட்டு. வார இறுதிகளில் குடியிருப்புகளின் சமுதாயக் கூடம், நூலக மாடி, முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறை என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போவோம். நோட்டீஸில் 'மாமன் மச்சான் நாட்டுப்பாட்டு' என்று போடுவார்கள். மற்ற நாட்களில் அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்டில் இருந்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவன். அது இங்கே வேண்டாம்.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் சத்தம் வரும், சொல் வராது. பின்னால் லாரி வருவது தெரியும். 'பின்னால் லாரி' என்று யாராவது சொன்னால் தெரியாது. டோலக் மட்டும் பிசகியதே இல்லை. அது தொடை வழியாக மேலே ஏறி வருகிறது, அதற்குக் காது எதற்கு என்பார்.

இது தெரிந்தவர்கள் அக்கா, நான், தெருமுனையில் சின்ன அறை வைத்திருக்கும் ஒரு காது டாக்டர். அவர் கொடுத்த கருவி அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. பஸ்ஸில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அன்றோடு வேலை போய்விடும். பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை டிரைவர்களுக்குப் பரிசோதனை உண்டு. பரிசோதிப்பவர் கண்ணைப் பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், "தூக்கம் வருதா, பசிக்குதா?" என்று நேருக்கு நேர் கேட்பார். நேருக்கு நேர் கேட்டால் மாமா எதற்கும் பதில் சொல்லிவிடுவார்.

விஷயம் எங்களுக்குத் தெரியவந்தபோது அக்கா ஒரு நாள் பூரா அழுதாள். மறுநாள் முகம் கழுவிக்கொண்டு வந்து ஏற்பாட்டைச் சொன்னாள். "மேடையில நீ பாத்துக்கோ. ரோட்டுல கண்ணாடி பாத்துக்கும்." பஸ்ஸில் மொத்தம் எத்தனை கண்ணாடி இருக்கிறது, எது எதைக் காட்டும் என்று அவளுக்கு மனப்பாடம். அவள் கேட்டாள், நான் தலையாட்டினேன். வீடு அவர் சம்பளத்தில் ஓடுகிறது. அதில் நானும் அவ்வப்போது சாப்பிடுகிறேன்.

அதிலிருந்து எங்கள் உட்காரும் முறை மாறியது. முன்பு அவர் எனக்குப் பின்னால் இருப்பார். இப்போது இடப்பக்கம், ஓரடி முன்னால், என்னைப் பார்த்து. நான் முகத்தைக் கால்வாசி அவர் பக்கம் திருப்பி, மைக்கை நெஞ்சளவில் வைத்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி பாடுவேன். கச்சேரி முடிந்ததும் யாராவது வந்து, "அவர் உங்க மூஞ்சியில இருந்து கண்ணையே எடுக்கலையே, என்ன ஒரு ஒத்துமை" என்பார்கள். மாமா வெட்கப்படுவதுபோலச் சிரிப்பார். நல்ல நடிகர்.

கஷ்டம் கடைசிப் பகுதியில்தான். சொல் வாங்கும் நேரம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு சொல் கொடுக்கலாம். அதை வைத்து நான் ஒரு வரி கேள்வி கட்டிப் பாடுவேன். டோலக் ஒரு சுற்று சுற்றி வரும். அதற்குள் அவர் பதில் வரி கட்டிப் பாட வேண்டும். எங்களைக் கூப்பிடுவதே இதற்காகத்தான். முன்பெல்லாம் சொல் விழுந்த கையோடு அவர் மனசில் பதில் தயார். இப்போது அந்தச் சொல் என் வாய்க்கு வந்த பிறகுதான் அவருக்கு வரும்.

அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டது அவர் ஓட்டுகிற பள்ளியின் பெற்றோர் சங்கம். அரங்கம் நிறைய அவரைத் தெரிந்தவர்கள். இரண்டாவது வரிசையில் பள்ளியின் வண்டிப் பொறுப்பாளருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

மேடைக்குப் பக்கத்து அறை ஒரு சாமான் அறை. மடித்து வைத்த டேபிள் டென்னிஸ் மேசைக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே மாமா உட்கார்ந்து டோலக்கின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய்க் குந்தினேன்.

"இன்னைக்குச் சொல் வாங்க வேணாம் மாமா. கூட ரெண்டு பாட்டைப் பாடிட்டு இறங்கிடலாம்."

"ஏன், சரக்கு தீந்து போச்சா?"

"பொறுப்பாளர் வர்றார்."

"வரட்டும். பாட்டு கேக்க வர்றாரு, என் காதைக் குடைஞ்சு பாக்கவா வர்றாரு?" குரலைத் தணித்துப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கும்படி பேசினார். நான் கையைக் காட்டி அமர்த்தினேன்.

"எல்லாரும் உங்களைத் தெரிஞ்சவங்க. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, நேரா உங்களையே கேப்பாங்க."

"கேட்டா நீ பாத்துக்க மாட்டியா? இவ்வளவு நாள் என்ன பண்ணுன? மாப்ள, நீ பயப்படுற மூஞ்சியோட நின்னா எனக்கு உதடு சரியாத் தெரியாது. வெத்தலை போட்ட மாதிரி ஒரு கோணலாப் போகுது. சிரி."

அப்போது சங்கத்தின் செயலாளர் உள்ளே வந்தார். பல் டாக்டர். மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "டிரைவர் அண்ணே, பிள்ளைங்க எல்லாம் முன்னாடி உக்காந்தாச்சு. ரெடியா?" என்றார்.

மாமா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே?"

"கச்சேரிக்கு முன்னாடி அவர் பேச மாட்டார் மேடம்" என்றேன். "மௌன விரதம் மாதிரி."

"பஸ்லயும் அப்படித்தான். பிள்ளைங்க என்ன கத்து கத்தினாலும் ஒரு வார்த்தை அதட்டினதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. தங்கமான மனுஷன்." அவர் போனார். மாமா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"தங்கமான மனுஷன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"உண்மைதானே" என்று எழுந்தார்.

முதல் பகுதி நன்றாகவே போயிற்று. நாற்று நடுகிற பாட்டு, படகுப் பாட்டு, மாமியாரைத் திட்டுகிற பாட்டு. வயர் வெள்ளை விளக்கை என் மூஞ்சியில் அடித்திருந்தான். எனக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, அது நல்லதாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கைதட்டலுக்கு நடுவில் யாராவது மாமாவிடம் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று காது அங்கேயே கிடந்தது. இரண்டு பேர் காதும் என்னிடம் இருப்பதுபோல.

அரங்கத்து விளக்குகளைப் போட்டார்கள். செயலாளர் மேடை ஓரத்துக்கு வந்து அறிவித்துவிட்டார். "அடுத்து எல்லாரும் எதிர்பார்த்த சொல் வாங்கும் நேரம்."

முதல் சொல்லைக் கொடுத்தவர் ஒரு பெரியவர். "லிஃப்ட்" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பது ஏறி வந்த எங்களுக்கும் தெரியும்.

"ஏழு மாடி ஏறிப் போக லிஃப்டு எங்கே மாமா?"

டோலக் ஒரு சுற்று.

"ஏத்திவிட்ட லிஃப்டு இப்போ லீவுல போச்சு மாப்ளே."

அரங்கம் அதிர்ந்தது. அடுத்து ஒரு இளைஞன் "சாவி" என்றான்.

"சாவியத்தான் தொலச்சுப்புட்டு வாசல்ல ஏன் மாமா?"

"சாவி இருந்து லாபம் என்ன, உங்கக்கா தாப்பா போட்டா மாப்ளே."

இன்னும் இரண்டு சொல் வாங்கிவிட்டு முடித்துவிடலாம் என்று மனசில் கணக்குப் போட்டேன். அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நர்ஸ் உடுப்பில், வேலையிலிருந்து நேராக வந்தவள் போலிருந்தாள். மடியில் இருந்த சிறுமியை நாற்காலியில் இறக்கிவிட்டு நின்றாள்.

"என் சொல்லு 'நிறுத்து'" என்றாள். "டிரைவர் அண்ணனுக்காகவே கொண்டு வந்தேன். அவருக்கே தெரியும் ஏன்னு."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

"எங்களுக்கும் சொல்லுங்கம்மா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"போன வாரம் என் பொண்ணு ஸ்டாப்ல இறங்கியிருக்கா. கதவு மூடிடுச்சு, பை மட்டும் கதவுல மாட்டிக்கிச்சு. பஸ் கெளம்பிடுச்சு. உள்ள இருக்கிற பிள்ளைங்க எல்லாம் ஒண்ணா நிறுத்து நிறுத்துன்னு கத்தியிருக்குங்க. அண்ணன் ஏதோ பாட்டு யோசனையில இருந்திருக்கார். பை மட்டும் வெளியே ஆடிக்கிட்டே அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஊர்வலம் போயிட்டு வந்துச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளைகள், "ஆமா, நாங்க கத்தினோம்" என்று முன்வரிசையில் எழுந்து குதித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"பாப்பா எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவ கெட்டிக்காரி. பை வாருல இருந்து கையை உருவிக்கிட்டு நின்னுட்டா."

இன்னும் சிரித்தார்கள்.

போன வாரம் மாமா வீட்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏதோ ஒரு குழந்தை பையை வண்டியிலேயே விட்டுட்டு இறங்கிடுச்சு, எடுத்துக் குடுத்தேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் கவனமில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. கேட்காதவனுக்கு எது கேட்கவில்லை என்று தெரியாது. கண்ணாடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய அக்காவும் நானும் கதவோரத்தில் ஒரு பை வாரை நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வாரில் ஒரு கை.

டோலக் ஓடிக்கொண்டிருந்தது. மாமா புருவத்தை உயர்த்தினார். கேள்வியைக் கொடு என்று அர்த்தம்.

நான் மைக்கைத் தூக்கினேன். கை தானாக ஏறியது என்று சொல்ல மாட்டேன். நான்தான் ஏற்றினேன். நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து வாய்க்கு. குமிழும் என் முஷ்டியும் சேர்ந்து மூக்குக்குக் கீழே எதுவும் தெரியாதபடி மறைத்தன.

"நிறுத்துன்னு புள்ளைங்க கத்துச்சாமே, நிக்கலையே ஏன் மாமா?"

பின்வரிசை வரைக்கும் என் குரல் கணீரென்று போனது. வயர் ஓரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

ஒரு சுற்று வந்தது. பதில் வரவில்லை. மாமா இன்னொரு சுற்று சேர்த்தார். கூட்டம் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு தாளத்துக்குக் கைதட்டத் தொடங்கியது. மாமா முகவாயை லேசாகக் கீழே இழுத்துக் காட்டினார். இறக்கு. நான் இறக்கவில்லை. அதே வரியை மறுபடி பாடினேன், அதே மாதிரி வாயை மறைத்துக்கொண்டு. இன்னொரு சுற்று. இன்னொன்று. அவர் விரல்கள் ஒரு மயிரிழை பிசகவில்லை. ஆனால் கண் என் முகம் முழுக்க அலைந்தது, கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுகிறவன்போல. நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார்.

கைதட்டல் அங்கங்கே ஓய்ந்தது. "அண்ணே, பதில் சொல்லுங்கண்ணே" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது வரிசையில் பொறுப்பாளர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

தன் மைக்கிலிருந்து விலகி, சத்தமில்லாமல், உதட்டால் மட்டும் மாமா கேட்டார். "என்னடா சொல்லு?"

நான் மைக்கை இறக்கினேன். அணைத்தேன். நானும் சத்தமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக, அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். பை கதவில் மாட்டியது. பிள்ளைகள் கத்தியது. பாப்பா வாரிலிருந்து கையை உருவியது. கடைசியை இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது அவர் தலையை அசைத்துவிட்டார், போதும் என்று.

டோலக் நின்றது. முடிப்பு கூட அடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் தோலின் மேல் படுக்க வைத்தார்.

"பிள்ளைங்க கத்துனது எனக்குக் கேக்கலைங்க" என்றார் மைக்கில். அவர் குரல் எப்போதும்போல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. "எந்தப் பிள்ளை கத்துனாலும் கேக்காது. எனக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு."

சிலர் சிரித்தார்கள், இதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு வரி வரும் என்று. ஒருவர் கைகூடத் தட்டினார். வரி வரவில்லை. சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னால் ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டு போனது.

"சார்" என்று மாமா பொறுப்பாளரைப் பார்த்தார். "திங்கக்கிழமைக்கு வேற ஆளைப் போடுங்க."

செயலாளர் ஓடி வந்து அடுத்தது பிள்ளைகளின் நடனம் என்று ஏதோ சொன்னார். இசை போட்டார்கள். நான் மாமாவின் மைக் ஸ்டாண்டைக் கையில் எடுத்தபோது கூட்டத்தைப் பார்த்தேன். அந்த நர்ஸ் உட்கார்ந்துவிட்டாள். மகளின் கையைத் தன் மடிமேல் போட்டு, தோளிலிருந்து விரல் வரைக்கும் மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமான் அறைக்குப் பொறுப்பாளர் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. என்னிடம்தான் பேசினார். "எவ்வளவு நாளா இது? யார் யாருக்குத் தெரியும்?"

"என்னைப் பாத்துக் கேளுங்க சார், புரியும்" என்றார் மாமா.

அவர் திரும்பி, மாமாவைப் பார்த்து அதையே கேட்டார்.

"யாருக்கும் தெரியாது சார். வீட்டுக்கே தெரியாது. இவனுக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றேன். "ஆரம்பத்துல இருந்தே."

பொறுப்பாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரிஞ்சுமா தம்பி?" என்றார். மாமா சட்டைப்பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து டேபிள் டென்னிஸ் மேசையின் விளிம்பில் வைத்தார். மேசை மடிந்திருந்ததால் அது வழுக்கிக் கீழே விழுந்தது. பொறுப்பாளர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

வயரின் வேனில் திரும்பினோம். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். வயர் ஓட்ட, நான் நடுவில், மாமா ஜன்னலோரம், மடியில் டோலக். வழக்கமாக வாயே மூடாத வயர் சிக்னல் விளக்கைப் பார்த்து மட்டும் ஏதோ முணுமுணுத்தான். வெயில் இன்னும் இருந்தது. தெருவில் ஆட்கள் காய்கறிப் பைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அக்கா. அரங்கத்தில் இருந்தவர்களில் யாரோ அதற்குள் சொல்லியிருப்பார்கள், அல்லது சும்மா எப்போது வருவீர்கள் என்று கேட்பதற்காகவும் இருக்கலாம். அவரால் போனில் பேச முடியாது. எப்போதும்போல் என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு" என்றார். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் சொன்னேன். பை, கதவு, வார், நான் மைக்கைத் தூக்கியது, அவர் சொன்னது, சாவி. எதையும் விடவில்லை. மிக்ஸியோ தையல் மிஷினோ அக்காவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"நீ பண்ணுனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. "ஆனா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். அவர்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி அவர் உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார், நீ மூடிக்கிட்டு நிக்கிற."

"எனக்கு அப்பதான் தெரிஞ்சுது அக்கா."

"தெரியும். அவரை வீட்டு வாசல்ல விட்டுரு. நீ உள்ள வராத. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கமே வராத."

வைத்துவிட்டாள். நான் போனை மாமாவின் தொடையில் தட்டினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னா?"

"உங்களை வரச் சொன்னா."

"உன்னை?"

நான் இல்லை என்று தலையை அசைத்தேன்.

அக்காவின் தெருவுக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருந்தது.

"வயரு" என்றார். "இவனை இங்கயே இறக்கி விட்டுடு. நடந்து போகட்டும்."

வயர் என்னைப் பார்த்தான். வண்டியை ஓரம் கட்டினான். மாமா டோலக்கோடு கீழே இறங்கி எனக்கு வழிவிட்டு, நான் இறங்கியதும் மறுபடி ஏறி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் டோலக்கைத் தூக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.